பெய்ஜிங்கில் ஜிங்ஷான் குன்றைக் கடைசியாகப் பாருங்கள்

பெய்ஜிங்கின் ‘தடைசெய்யப்பட்ட நகரம்’ அரண்மனையை முதலில் பார்த்துவிட்டு, ஜிங்ஷான் குன்றில் மாலையில் ஏறுங்கள். அரண்மனைக்குள் நுழைவது தெற்கு வாயிலில். வடக்கு வாயிலில் வெளியேறினால் சாலைக்கு எதிர்ப்புறமே குன்று. டாக்சிச் செலவு மிச்சம்.

இந்த வசதி தற்செயல் அல்ல. மிங் அரச வம்சக் காலத்தில் அரண்மனைக்கு அகழி தோண்டிய மண்ணைக் கொண்டு எழுப்பிய குன்று இது. அரண்மனையின் நடுக்கோட்டிலேயே நிற்கிறது. சியான்லோங் பேரரசர் 1750 வாக்கில் அதன் முகட்டில் ஐந்து மண்டபங்களைக் கட்டினார். காட்சிக்காகவே செதுக்கிய மலை என்றே சொல்லலாம். நடு மண்டபத்திலிருந்து தெற்கே மஞ்சள் ஓட்டுக் கூரைகள் வரிசையாகத் தெரியும். நண்பகல் வெயில் எதிரே நின்று கண்ணைக் கூசவைக்கும். மாலை வெயில் பக்கவாட்டில் விழும்.

புகைமூட்ட நாளில் ஏறுவது வீண். திங்கட்கிழமை பெரும்பாலும் அரண்மனைக்கு விடுமுறை. அன்று நேராகக் குன்றுக்கே போகலாம்.