சொந்த ஸ்கூபா டேங்க்: வாங்கும்போது பார்ப்பதிலிருந்து பாதுகாத்து வைப்பது வரை

தண்ணீருக்குள் சுவாசிக்கும் காற்றை அடைத்துக் கொண்டுபோகும் ஸ்கூபா டேங்கை வாடகைக்கு எடுத்தே டைவ் செய்து பழகியவர்கள், சொந்தமாக ஒன்று வாங்கியதும் ரெகுலேட்டருக்கு (டேங்கின் காற்றழுத்தத்தைச் சுவாசிக்கும் அளவுக்குக் குறைத்துத் தரும் கருவி) காட்டுகிற அக்கறையை டேங்குக்குக் காட்டுவதில்லை. இவ்வளவு தடித்த உலோகத்துக்கு என்ன ஆகிவிடும் என்ற நினைப்புதான் காரணம். ஆனால் 207 பாருக்கு (பார் என்பது அழுத்த அலகு, ஒரு பார் ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) நிரப்பிய டேங்கின் உட்சுவரில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் 200 கிலோவுக்கு மேல் தாங்கிக்கொண்டு நிற்கிறது. அந்தச் சுவரை வெளியே தெரியாமல் அரிப்பது உள்ளே புகுந்த ஈரம். கீழே சொல்லியிருக்கும் வேலைகளில் பெரும்பாலானவை அந்த ஈரத்தை உள்ளே விடாமல் இருப்பதற்காகத்தான்.

1. டேங்கில் குத்தியிருப்பதைப் படியுங்கள்

கழுத்துக்குக் கீழே வளைந்து இறங்கும் தோள்பட்டைப் பகுதியில் எழுத்தும் எண்ணுமாகக் குத்தியிருப்பார்கள். எந்த உலோகம், எந்தத் தரவிதிப்படி செய்தது, நிரப்ப வேண்டிய அழுத்தம், வரிசை எண், சோதனை செய்த மாதமும் ஆண்டும் எல்லாம் அங்கேயே இருக்கும். அமெரிக்க முறை டேங்கில் 3ஏஎல் என்றால் அலுமினியம், 3ஏஏ என்றால் எஃகு.

பழைய டேங்க் வாங்குவதாக இருந்தால் இதைக் கட்டாயம் பாருங்கள்: 1980களிலும் அதற்கு முன்பும் செய்த அலுமினிய டேங்குகளில் பல 6351 என்ற கலவையால் ஆனவை. அந்தக் கலவையில் கழுத்துப் பகுதி காலப்போக்கில் விரிசல் விடக்கூடியது. இப்போது வருபவை 6061 கலவை. 6351 டேங்கை நிரப்ப மறுக்கும் நிலையங்கள் நிறைய. விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அதை விட்டுவிடுங்கள் என்பதே என் கருத்து.

அடுத்தது சோதனைத் தேதி. இதில் இரண்டு வகை உண்டு. வால்வைக் கழற்றி, விளக்கை உள்ளே விட்டுச் சுவரையும் வால்வு திருகி ஏறும் மரையையும் பார்ப்பது ஒன்று. பல இடங்களில் இதை ஆண்டுக்கு ஒருமுறை செய்கிறார்கள். மற்றது நீர் அழுத்தச் சோதனை. அமெரிக்காவில் இது 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை. மற்ற நாடுகளில் இடைவெளி மாறலாம், உங்கள் நாட்டு விதியைப் பாருங்கள். அமெரிக்க முறையில் டேங்கைத் தண்ணீரால் நிரப்பி, வழக்கமான அழுத்தத்தைப் போல 5/3 மடங்கு (ஏறக்குறைய 1.67 மடங்கு) ஏற்றி, எவ்வளவு விரிகிறது என்று அளப்பார்கள். அழுத்தத்தை இறக்கிய பிறகும் பழைய அளவுக்குத் திரும்பாமல் நிற்கும் விரிவு, மொத்த விரிவில் 10 சதவீதத்துக்கு மேல் போனால் அந்த டேங்கின் ஆயுள் முடிந்தது. சோதனையிலிருந்து வந்த எஃகு டேங்க் சரியாக உலர்த்தப்பட்டதா என்று கேட்டு வாங்குங்கள். ஈரத்தோடு மூடினால் சீக்கிரமே துரு பிடித்துவிடும்.

2. நிரப்பக் கொண்டுபோகும்போது

டைவ் முடிந்த டேங்கின் வால்வு வாயை உற்றுப் பாருங்கள். ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) உட்காரும் பள்ளத்திலும் நடுத்துளையிலும் சில சொட்டு உப்புத் தண்ணீர் தங்கியிருக்கும். அப்படியே நிரப்புக் குழாயை மாட்டித் திறந்தால், வருகிற காற்று அந்தச் சொட்டுகளை நேராக டேங்குக்குள் தள்ளிவிடும். டேங்குக்குள் தண்ணீர் போக இது ஒரு முக்கிய வழி. அதனால் குழாயை மாட்டும் முன், வால்வு வாய் யாரையும் பார்க்காதபடி திருப்பி, ஒரு கணம் லேசாகத் திறந்து மூடுங்கள். புஸ்ஸென்று தண்ணீர் தெறித்துப் போய்விடும். நிரப்புக் குழாயின் முனையும் ஈரமாக இருந்தால் அதையும் ஊதச் சொல்லுங்கள். டைவுக்கு முன் ரெகுலேட்டர் மாட்டும்போதும் இதே பழக்கம்தான்.

வேகமாக நிரப்பினால் டேங்க் சூடாகும், சைக்கிள் பம்ப் சூடாவதைப் போல. 50 டிகிரி சூட்டில் 207 பார் காட்டிய டேங்க் 20 டிகிரிக்கு ஆறினால் ஏறக்குறைய 188 பார்தான் காட்டும். காற்று எங்கும் கசியவில்லை, ஆறியிருக்கிறது, அவ்வளவுதான். அதை ஈடுகட்ட அளவுக்கு மேல் ஏற்றச் சொல்லாதீர்கள். மெதுவாக நிரப்பச் சொல்லுங்கள்.

காற்றின் தரத்தையும் கேட்கத் தயங்காதீர்கள். சுவாசக் காற்றுக்கான ஐரோப்பியத் தரவிதி இஎன் 12021, கார்பன் மோனாக்சைடு 5 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் ஐந்து பங்கு) மேல் இருக்கக் கூடாது என்கிறது. அந்த வாயுவுக்கு மணம் கிடையாது, மோந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கம்ப்ரசர் காற்றை இழுக்கும் இடத்துக்கு அருகில் ஏதாவது எஞ்சின் புகை விடுகிறதா என்று நீங்களே ஒரு பார்வை பாருங்கள். காற்றில் எண்ணெய் வாடை வந்தால் அந்த டேங்கை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குள் போகவே வேண்டாம்.

நைட்ராக்ஸ் (சாதாரணக் காற்றைவிட ஆக்சிஜன் அதிகமுள்ள கலவை) நிரப்பினால் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்பதை நீங்களே அளந்து, டேங்கில் எழுதி ஒட்டுங்கள். தூய ஆக்சிஜனை நேராக டேங்கில் ஏற்றிக் கலக்கும் முறை என்றால், டேங்கும் வால்வும் அதற்கென்று சுத்தம் செய்யப்பட்டிருக்க வேண்டும்.

3. தண்ணீருக்குள்ளும், வெளியே வந்ததும்

காற்றை முழுக்கத் தீர்த்துவிட்டு வராதீர்கள். இது உங்கள் பாதுகாப்புக்கான விதி, டேங்கின் ஆயுளுக்கும் அதுவே நல்லது. உள்ளே அழுத்தம் இருக்கும்வரை கடல் தண்ணீர் உள்ளே வராது. எப்போதாவது முழுக்கக் காலியாகிவிட்டாலோ, காலி டேங்கின் வால்வு திறந்தே கிடந்தாலோ, அடுத்து நிரப்புவதற்கு முன் திறந்து பார்க்கக் கொடுங்கள்.

கரைக்கு வந்ததும் வால்வை மூடி, நல்ல தண்ணீரில் கழுவுங்கள். அடியில் ரப்பர் உறையும் (பூட்) மேலே வலையும் இருந்தால் கழற்றிவிட்டுக் கழுவ வேண்டும். வெளிப்புற அரிப்பு அதிகமாகத் தொடங்குவது அந்த உறைக்குள் தேங்கும் உப்பிலும், டேங்கை முதுகில் பிடித்து வைக்கும் பெல்ட் இறுக்கிய இடத்திலும்தான். எஃகில் செந்நிறத் துரு, அலுமினியத்தில் வெள்ளைப் பொடி. பெரிய ஸ்டிக்கர்கள் இதையெல்லாம் மறைத்துவிடும், ஒட்டாமல் இருப்பது நல்லது.

4. வால்வு

மூடும்போது பலம் காட்டாதீர்கள். வால்வுக்குள் காற்றை அடைத்து நிறுத்தும் மிருதுவான பாகம் நசுங்கினால் கசியும், கசிவை நிறுத்த மேலும் இறுக்குவீர்கள், இன்னும் கெடும். டைவுக்கு முன் முழுவதுமாகத் திறந்துவிடுங்கள். கசிவுச் சந்தேகம் இருந்தால் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். வெடித்துப் போன ஓ-ரிங்கை மாற்றுவது நீங்களே செய்யக்கூடிய வேலை.

வால்வை டேங்கிலிருந்து கழற்றுவது உங்கள் வேலை இல்லை. எம்25 (25 மில்லிமீட்டர்) மரையும் முக்கால் அங்குல மரையும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், ஒன்றில் மற்றொன்று ஓரளவு ஏறவும் ஏறும். அப்படி மாற்றிப் பொருத்திய வால்வு அழுத்தம் ஏறும்போது பிய்த்துக்கொண்டு பறக்கும்.

அப்புறம் பெயிண்ட். சூட்டில் வைத்துப் பதிக்கும் பவுடர் பூச்சு எதையும் டேங்குக்குச் செய்யக் கூடாது. சூடு அலுமினியத்தின் வலிமையையே குறைத்துவிடும். 177 டிகிரிக்கு மேல் சூடான அலுமினிய டேங்கை ஒதுக்கிவிட வேண்டும், வெளியே பளபளப்பாக இருந்தாலும் சரி.

5. எடுத்துப் போவதும் வைத்திருப்பதும்

வண்டியில் படுக்கவைத்து, உருளாமல் அடை கொடுங்கள். நிற்கவைத்த டேங்கை விட்டு நகராதீர்கள். விழுந்தால் முதலில் அடிபடுவது வால்வு. மூடிய வண்டியை வெயிலில் நிறுத்திவிட்டுப் போகவும் வேண்டாம்.

வீட்டிலோ குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் நிமிர்த்தி நிறுத்தி, சங்கிலியால் கட்டி வையுங்கள். உள்ளே கொஞ்சம் ஈரம் இருந்தால் அது அடிப்பாகத்துக்கு இறங்கும். அங்கே உலோகம் தடிப்பு. படுக்கப்போட்டால் அதே ஈரம் மெல்லிய பக்கச் சுவரில் பரவி நிற்கும்.

சில மாதங்கள் பயன்படுத்தப் போவதில்லை என்றால் 10 முதல் 20 பார் மட்டும் விட்டு வையுங்கள். வெளிக்காற்று உள்ளே வராமல் தடுக்க அது போதும். இறக்கும்போது மெதுவாக இறக்குங்கள், சட்டென்று விட்டால் டேங்க் சில்லிட்டு ஈரம் சேரும். நிறைத்து வைப்பது ஏன் வேண்டாம் என்றால், தீ விபத்து நடந்தால் அது பெரிய ஆபத்து. எஃகு டேங்கில் இன்னொன்றும் உண்டு. உள்ளே ஈரம் இருந்து துரு பிடித்தால், அந்தத் துரு காற்றிலுள்ள ஆக்சிஜனைத்தான் எடுத்துக்கொள்ளும். மானியில் அழுத்தம் நிறையக் காட்டும், சுவாசித்தால் மயக்கம் வரும். இப்படி உயிர் போனவர்கள் உண்டு. அதனால் நாள்பட்ட டேங்க் எதுவானாலும், நிறைந்திருக்கிறதே என்று அப்படியே மாட்டிக்கொண்டு போகாதீர்கள். காற்றை மெல்ல வெளியேற்றி, உட்புறத்தைப் பார்க்கக் கொடுத்து, புதிதாக நிரப்பிய பிறகு எடுத்துச் செல்லுங்கள்.