பழைய நாடகம் பதிப்பிக்கும் இருவர் கடிதம் எழுதிக்கொள்வது எப்படி

பழைய நாடக ஏடு ஒன்றைப் பதிப்பிக்க இறங்குகிறவருக்கு முதலில் துணைக்கு ஓர் ஆள் வேண்டும். நம் அளவுக்கு அந்த ஏட்டின்மேல் பித்துள்ளவராக, நாம் சொல்வதற்கெல்லாம் தலையாட்டாதவராக இருக்க வேண்டும். நான் தேவிபட்டினம். எனக்கு வாய்த்தவர் கீழக்கரைக்காரர். அண்ணன் என்ற பொருளில் காக்கா என்றுதான் கூப்பிடுவேன். நினைத்தால் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிடலாம். இருந்தாலும் பாடச் சந்தேகங்களை, அதாவது ஏட்டில் உள்ளது எந்தச் சொல் என்ற சந்தேகங்களை, கடிதமாகவே எழுதிக்கொள்கிறோம். நேரில் பேசினால் டீ ஆறுவதற்குள் ஒரு முடிவுக்கு வந்துவிடுவோம். எழுதும்போது காரணம் சொல்லியாக வேண்டும்.

கிரேக்க நாடகங்களைப் பதிப்பித்த பெரியவர்களும் இப்படித்தான் வேலை செய்தார்கள். கில்பர்ட் மர்ரே கிளாஸ்கோவில் பேராசிரியராக இருந்தபோது, 1894இல், ஜெர்மனியின் கிரேக்க அறிஞர் விலாமோவிட்ஸோடு கடிதத் தொடர்பு தொடங்கியது. அது 1930 வரை நீண்டது. 1902 முதல் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பாகக் கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடீஸின் நாடகங்களை மர்ரே கொண்டுவந்தபோது, விலாமோவிட்ஸ் செய்த உதவிக்கு முன்னுரையிலேயே நன்றி சொன்னார்.

சரி, கடிதத்துக்கு வருவோம். முதலில் இடத்தைச் சொல்லுங்கள்: எந்தப் பிரதி, எத்தனையாவது ஏடு, எந்த வரி. அடுத்து, ஏட்டில் உள்ளதை உள்ளபடியே பெயர்த்து எழுதுங்கள். புள்ளி இல்லையென்றால் நீங்கள் புள்ளி வைக்கக் கூடாது. உங்கள் ஊகத்தை அந்தப் பக்கத்தில் சேர்க்கவே வேண்டாம். தனித்தாளில் எழுதி மடித்து, அதே உறைக்குள் வையுங்கள். ஊகத்தை முதலில் படித்துவிட்டால் எதிராளியின் கண்ணுக்கும் ஏட்டில் அதுதான் தெரியும்.

இது ஏன் முக்கியம் என்பதற்கு எங்கள் ஏட்டிலிருந்தே ஒன்று சொல்கிறேன். ஒரு கப்பல் வணிகன் ஊர் திரும்பும் கட்டம். ஓலை எழுத்தில் குறில் கொம்புக்கும் நெடில் கொம்புக்கும் வித்தியாசம் கிடையாது. காலும் ரகரமும் ஒன்றுபோல இருக்கும். அதனால் அந்த வரியை ‘கொடி கட்டி வந்தான்’ என்றும் படிக்கலாம், ‘கோடி கட்டி வந்தான்’ என்றும் படிக்கலாம். கோடி என்றால் புதுத்துணி. பாய்மரத்தில் கொடி பறந்ததா, வணிகன் புது வேட்டி உடுத்தி இறங்கினானா? கதைக்கு இரண்டுமே பொருந்தும். ஏட்டில் உள்ளதை மட்டும் எழுதி அனுப்பினேன். காக்காவின் பதில் இரண்டே வரி: “தம்பி, அடுத்த அடி ‘படியேறி’ன்னு தொடங்குது பாருங்க. எதுகைக்கு முதலெழுத்தும் குறிலா இருக்கணும், கொடிதான்.” கிரேக்கத்திலும் யாப்புதான் இப்படிக் கைகொடுக்கும். கோரஸ் பாடல்களில் ஒரு பத்தியும் அதற்கு எதிர்ப்பத்தியும் ஒரே சந்தத்தில் அமையும். ஒன்று சிதைந்திருந்தால் மற்றதை வைத்து எத்தனை அசை குறைகிறது என்று கண்டுபிடிக்கலாம்.

நாடகத்துக்கே உரிய இன்னொரு சிக்கல், எந்த வரி யாருடையது என்பது. கிரேக்க நாடகங்களின் பழைய பிரதிகளில் பேசுபவர் மாறும் இடத்தில் பெரும்பாலும் ஓரத்தில் ஒரு சிறு கோடோ, வரி நடுவே இரட்டைப் புள்ளியோதான் இருக்கும். பெயர்களை ஊகித்துச் சேர்க்க வேண்டியிருந்தது. நம் ஏடுகளிலும் கட்டியக்காரன் வரி ராஜா வாயில் போய் உட்கார்ந்திருக்கும். இதற்குத் தனிக் கடிதம் போடுங்கள். எழுத்துச் சந்தேகத்தோடு கலந்தால் இரண்டுக்குமே பதில் சரியாக வராது.

ஏட்டின் படத்தை வாட்ஸப்பில் அனுப்பலாம். காலை வெயில் சாய்வாக விழும்போது எடுத்தால் எழுத்தாணிக் கீறல் நன்றாகத் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் உப்புக்காற்றோடு ஈரமும் சேர்ந்துகொள்ளும், அப்போது ஏட்டுக்கட்டை அவிழ்க்கவே வேண்டாம். ஆனால் கருத்தைத் தாளில் தேதி போட்டு எழுதி, நகல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அச்சுக்குப் போகும்போது யார் எதை எப்போது சொன்னார் என்று தெரிய வேண்டும். கிரேக்கப் பதிப்புகளின் அடிக்குறிப்பில் ஒவ்வொரு திருத்தத்தோடும் அதைச் சொன்னவர் பெயர் இருக்கும். கடிதத்தில் சொன்னதென்றால் அதையும் லத்தீனில் குறிப்பார்கள். உ.வே.சா.வும் ஏடு கொடுத்தவர்கள் பெயர்களை முன்னுரையில் வரிசையாகச் சொன்னவர். நண்பர் சொன்ன பாடத்துக்கு நண்பர் பெயரைப் போடாதவரோடு நான் சேர்ந்து வேலை செய்ய மாட்டேன்.

கருத்து மோதல் வரத்தான் செய்யும். அப்போது பாடத்தைப் பற்றி மட்டும் எழுதுங்கள். ‘நீங்கள் எப்போதுமே இப்படித்தான்’ என்ற வாக்கியம் கடிதத்தில் வரக் கூடாது. அவர் ஒத்துக்கொள்ளவில்லையா, இரண்டு பாடங்களையும் அச்சிட்டு, கீழே இருவர் பெயரையும் போட்டுவிடுங்கள். 1914இல் முதல் உலகப் போர் மூண்டபோது மர்ரேயும் விலாமோவிட்ஸும் அவரவர் நாட்டின் பக்கம் நின்று பகிரங்கமாக எழுதினார்கள். இன்னொரு கிரேக்க நாடகாசிரியரான சோபோக்ளீஸின் நாடக உத்தியை ஆராய்ந்துகொண்டிருந்த விலாமோவிட்ஸின் மகன் டிக்கோ அந்த ஆண்டே போர்முனையில் இறந்துபோனார். அத்தனைக்கும் பிறகு அவர்களால் திரும்ப எழுத முடிந்திருக்கிறது. நமக்குள் வருவது ஒரு கொம்பு, ஒரு கால் பற்றிய சண்டைதானே!

புத்தகம் வந்ததும் முதல் பிரதி ஏடு கொடுத்த வீட்டுக்குப் போகட்டும். அப்புறம் இரு பக்கக் கடிதங்களையும் தேதி வரிசையில் அடுக்கி ஒரு நூலகத்தில் சேர்த்துவிடுங்கள். உ.வே.சா.வுக்கு வந்த கடிதங்கள் சென்னையில் அவர் பெயரில் உள்ள நூலகத்தில் இருக்கின்றன. அடுத்த பதிப்பாசிரியர் நாம் ஏன் ‘கொடி’ என்று முடிவு செய்தோம் என்பதை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.