பிளாக்செயினில் பாயிண்ட், பேட்ஜ்: எங்கே சறுக்குகிறார்கள்?

குமரி மாவட்டத்து மீனோ தேனோ எங்கிருந்து வந்தது என்பதைப் பிளாக்செயினில், அதாவது பலர் கணினிகளில் நகலாக இருக்கும் பொதுப் பதிவேட்டில், பதிய ஒரு ஆப் செய்கிறீர்கள் என்று வையுங்கள். யாரும் பதிவதாக இல்லை, உடனே பாயிண்ட், பேட்ஜ், ரேங்க் பட்டியல் என்று விளையாட்டைச் சேர்க்கத் தோன்றும். சரி, சேர்க்கலாம். ஆனால் 'தினமும் பதிந்தால் போனஸ்' மட்டும் வேண்டாம். குளச்சல், முட்டம் பக்கம் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம். சின்னமுட்டத்துக்கோ ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஒரே மாவட்டம், இரண்டு தடைக்காலம். படகைக் கட்டிப் போட்டவர் போனஸை இழப்பார், இல்லையென்றால் ஒப்புக்கு எதையாவது பதிவார். தேனும் அப்படித்தான், ரப்பர் துளிர்க்கும் மாதங்கள் போனால் பெட்டிக்குச் சர்க்கரைப் பாகு வைப்பதுதான் வேலை, அதில் தினமும் எதைப் பதிவது?

ஒப்புக்குப் பதிவதுதான் பெரிய வம்பு. பதிந்ததை மாற்றவிடாது என்பதோடு பிளாக்செயினின் வேலை முடிந்தது, பதிந்தது உண்மையா என்று அதற்குத் தெரியாது. பத்து கிலோ நெய்மீனை நூறு கிலோ என்று போட்டால் காலத்துக்கும் நூறுதான். ஆகவே பதிந்ததற்காகப் பாயிண்ட் கொடுக்காதீர்கள், ஏலம் எடுத்தவர் போட்ட எடையோடு ஒத்துப்போன பிறகு கொடுங்கள். (எடுத்தவருக்கும் பாயிண்ட் வைத்தீர்களோ, இருவரும் கூட்டுச் சேர்ந்துவிடுவார்கள்.) பேட்ஜைச் செயினுக்கு வெளியே வையுங்கள், தப்பாகக் கொடுத்ததைத் திரும்ப வாங்க வழி வேண்டுமே.

அப்புறம் டோக்கன், அதாவது பாயிண்ட்டையே கிரிப்டோ காசாக்குவது. பாயிண்ட்டைச் சந்தையில் விற்கலாம் என்றானதும் எல்லோர் கண்ணும் விலையில்தான் இருக்கும். 2021ல் ஆக்ஸி இன்ஃபினிட்டி என்ற பிளாக்செயின் விளையாட்டை விளையாடியே பிலிப்பைன்ஸில் பலர் பிழைத்தார்கள். அதில் சம்பாதித்த எஸ்எல்பி டோக்கன் விலை விழுந்ததும் கூட்டம் கலைந்தது. இங்கே 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி வேறு. மார்த்தாண்டத்துத் தேன்காரருக்கு இந்தத் தலைவலி எதற்கு, தேன்பெட்டி விலையில் தள்ளுபடி கொடுத்தால் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்.

ஒரே ஆள் பத்து வாலட் (செயினில் ஒருவருடைய கணக்கு) திறந்து பத்து மடங்கு பாயிண்ட் அள்ளுவது எல்லா ஊரிலும் உண்டு. ஆளை நேரில் அறிந்த சங்கம் வழியாக வாலட் கொடுத்தால் பாதி தீரும்.

இடத்தைப் பதிந்தால் கூடுதல் பாயிண்ட் என்பது இன்னொரு கூத்து. மீன் கிடைக்கும் பார் (கடலடிப் பாறை) எங்கே என்று மச்சானிடம்கூடச் சொல்லாதவர், யார் வேண்டுமானாலும் பார்க்கிற செயினில் ஜிபிஎஸ் புள்ளியைப் போடுவாரா? கரையை விட்டதும் போனை அணைத்து வைத்துவிடுவார்.