100 மில்லிவாட் ஏ.எம். ஒலிபரப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் உரிமம் எதுவும் வாங்காமலே மீடியம் வேவில் சின்னதாக ஒரு ஒலிபரப்பு நடத்தச் சட்டம் இடம் கொடுக்கிறது. வானொலியைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பான எஃப்.சி.சி.யின் விதிகளில் 15ஆம் பகுதி, 15.219ஆவது பிரிவு. அலைவரிசை 510 முதல் 1705 கிலோஹெர்ட்ஸுக்குள் இருக்க வேண்டும். டிரான்ஸ்மிட்டரின் கடைசிக் கட்டத்துக்குப் போகும் மின்சக்தி 100 மில்லிவாட்டைத் தாண்டக் கூடாது. ஆன்டெனா, அதற்குப் போகும் கேபிள், எர்த் கம்பி மூன்றின் நீளமும் கூட்டினால் 3 மீட்டருக்குள் அடங்க வேண்டும். சர்ச் வாகன நிறுத்தத்தில் காரில் உட்கார்ந்தபடி ஆராதனை கேட்க, விற்பனைக்கு நிற்கும் வீட்டின் விவரத்தை வாசலில் நிற்கும் காருக்குச் சொல்ல, தாத்தா காலத்து வால்வு ரேடியோவை மறுபடி பாட வைக்க என்று பலவிதமான ஆட்கள் இதை வைக்கிறார்கள்.

2020இல் கொரோனா வந்து கார் ஆராதனைகள் பெருகியபோது எனக்கு வரும் போன்களும் பெருகின. ஆட்கள்தான் புதியவர்கள், செய்யும் தவறுகள் பழையவை. வயரை மாற்றிச் செருகுவது, 12 வோல்ட் டிரான்ஸ்மிட்டர் பெட்டிக்கு 24 கொடுப்பது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அதெல்லாம் பெட்டியோடு வரும் தாளிலேயே இருக்கிறது.

மதியம் பார்த்து இடம் பிடிப்பது

ஞாயிற்றுக்கிழமை மதியம் ரேடியோவைத் திருகிப் பார்க்கிறார்கள். ஓரிடத்தில் வெறும் இரைச்சல். "இது காலி" என்று அங்கேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். பொழுது சாய்ந்ததும் கதை மாறிவிடும். பகலில் மீடியம் வேவை உறிஞ்சிக்கொள்வது வானத்தில் உள்ள டி அடுக்கு. சூரியன் போனதும் அது கரைந்துவிடும். அதற்கும் மேலே உள்ள அடுக்குகளில் பட்டுத் திரும்பும் அலைகள் பல நூறு மைல் தாண்டி வந்து இறங்கும். நாஷ்வில்லின் 650, சின்சினாட்டியின் 700, பிட்ஸ்பர்க்கின் 1020, பாஸ்டனின் 1030 எல்லாம் 50 கிலோவாட் நிலையங்கள். உங்கள் பெட்டியைப் போல ஐந்து லட்சம் மடங்கு. அவற்றின் மேல் உட்கார்ந்தால் இரவு எட்டு மணிக்கு உங்கள் வாசலிலேயே உங்கள் குரல் கேட்காது.

இரவில் கேளுங்கள், ஒரே ஒரு இரவு மட்டும் போதாது. டிரான்ஸ்மிட்டர் வைக்கப் போகும் இடத்திலேயே கார் ரேடியோவில் கேளுங்கள். இரு பக்கமும் 10 கிலோஹெர்ட்ஸ் தள்ளி யார் இருக்கிறார்கள் என்றும் பாருங்கள். 1610இல் பல ஊர்களில் நெடுஞ்சாலைத் தகவல் நிலையங்கள் இருக்கும். உரிமம் உள்ளவருக்கு நீங்கள் இடைஞ்சல் செய்தால் நீங்கள்தான் நிறுத்த வேண்டும். அவர் உங்களுக்கு இடைஞ்சல் செய்தால் பொறுத்துக்கொள்ள வேண்டியதும் நீங்கள்தான். விதி அப்படி.

எர்த் கம்பி

இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே எனக்குச் சூடு ஏறும்.

நடப்பது எப்போதும் ஒரே மாதிரிதான். எஃப்.எம். பழக்கத்தில், உயரத்தில் வைத்தால் தூரம் போகும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கூரைக்கு மேலே ஒரு கம்பத்தை நிறுத்தி, உச்சியில் பெட்டியையும் 3 மீட்டர் ஆன்டெனாவையும் மாட்டுகிறார்கள். பெட்டியின் எர்த் முனையிலிருந்து மண் வரைக்கும் ஒரு செம்புக் கம்பி இறங்கும், 8 மீட்டரோ 10 மீட்டரோ. ஸ்விட்சைப் போட்டால் இரண்டு மைல் தள்ளிக் காரில் கணீரென்று கேட்கிறது. உடனே எனக்குப் போன்: "பார்த்தீர்களா அண்ணா, உயரம் வேலை செய்கிறது!"

உயரம் ஒன்றும் செய்யவில்லை. வேலை செய்தது அந்தக் கம்பி.

1600 கிலோஹெர்ட்ஸில் அலைநீளம் 187 மீட்டருக்குச் சற்று மேல். அந்த நீளத்துக்கு முன்னால் 3 மீட்டர் ஆன்டெனா வெறும் குச்சி. அதன் கதிர்வீச்சுத் தடை, அதாவது சக்தியில் அலையாகப் போகும் பங்கைக் காட்டும் எண், ஏறக்குறைய 0.1 ஓம்தான். ஆன்டெனாவை ட்யூன் செய்யும் காயிலின் தடை, மண்ணின் தடை இரண்டும் சேர்ந்து 30 ஓம் என்று வைத்துக்கொண்டால், கொடுக்கும் சக்தியில் ஆயிரத்துக்கு மூன்று பங்கு அலையாகப் போகும், மீதி சூடாகப் போகும். 3 மீட்டர் விதியின் நோக்கமே அதுதான். இதோடு 10 மீட்டர் எர்த் கம்பி சேர்ந்தால் என்ன ஆகிறது? ஆன்டெனாவில் நுனிக்குப் போகப் போக மின்னோட்டம் குறைந்து பூஜ்யமாகிவிடும். எர்த் கம்பியிலோ மேலிருந்து கீழ் வரை ஏறக்குறைய முழு மின்னோட்டமும் ஓடும். ஆக மீட்டருக்கு மீட்டர் பார்த்தால் எர்த் கம்பிதான் ஆன்டெனாவைவிட இரண்டு மடங்கு வேலை செய்கிறது. கணக்குப் போட்டால் கதிர்வீச்சுத் தடை ஐம்பது மடங்குக்கு மேல் ஏறியிருக்கும். இரண்டு மைல் அங்கிருந்துதான் வந்தது.

இதைச் சொன்னால் வரும் பதில்கள் எனக்கு மனப்பாடம். "அது இடிக்கான பாதுகாப்பு எர்த், ஒலிபரப்புக்கு இல்லை." எதற்காகப் போட்டீர்கள் என்பது மின்னோட்டத்துக்குத் தெரியாது. "தனியாக எர்த் கம்பியே இல்லை, இரும்புக் கம்பத்தில் முடுக்கிவிட்டேன்." அப்படியானால் கம்பம்தான் எர்த் கம்பி. "கம்பியை இரும்புக் குழாய்க்குள் விட்டுவிட்டேன்." குழாயின் வெளிப்பக்கம் அலையை வீசும். "எர்த்தே கொடுக்கவில்லை." ரொம்ப நல்லது, இப்போது பவர் கேபிளும் ஆடியோ கேபிளின் மேலுறையும் அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கின்றன.

தெரிந்த தம்பி ஒருவர் சர்ச்சுக்காக இப்படித்தான் மணிக்கூண்டில் மாட்டினார். கழற்றிக் கீழே வையுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை, ஊரே கேட்கிறது என்ற சந்தோஷம். யாரோ புகார் செய்ய, எஃப்.சி.சி.காரர்கள் அளந்து பார்த்துவிட்டு நோட்டீஸ் அனுப்பினார்கள். அபராதம் இல்லாமல் எச்சரிக்கையோடு போயிற்று. ஆனால் கம்பம், கேபிள், ஆள்கூலி எல்லாம் தண்டம். சபையாருக்கு விளக்கம் சொல்லவும் அவர்தான் நிற்க வேண்டியிருந்தது.

அளப்பது எப்படி என்றும் தெரிந்துகொள்ளுங்கள். 15.209ஆவது பிரிவில் பொதுவான வரம்பு ஒன்று உண்டு: 24,000ஐ அலைவரிசையால் வகுத்தால் கிடைக்கும் எண்தான், 30 மீட்டர் தூரத்தில், மீட்டருக்கு இத்தனை மைக்ரோவோல்ட் என்ற கணக்கில், அனுமதிக்கப்பட்ட அளவு. 1600இல் அது வெறும் 15. ஒழுங்காக நிறுவிய 100 மில்லிவாட் பெட்டிகூட அதைத் தாண்டிவிடும். அப்போது உங்களைக் காப்பாற்றுவது 15.219 மட்டும்தான். அதாவது அந்த 3 மீட்டர். டேப்பை வைத்து அளக்கும்போது அதுவும் போய்விட்டால், நீங்கள் திருட்டு ஒலிபரப்பாளர். 2020 ஜனவரியில் வந்த சட்டம் அதற்கு நாளொன்றுக்கு 1 லட்சம் டாலர் வரையும், மொத்தம் 20 லட்சம் டாலர் வரையும் அபராதம் வைத்தது.

சரி, எப்படித்தான் வைப்பது? பெட்டியைத் தரையோடு ஒட்டி வையுங்கள். அதற்கு நேர் கீழே எர்த் கம்பத்தை அடித்து, ஒரு சாண் கம்பியால் இணையுங்கள். எர்த் கம்பி 20 சென்டிமீட்டர் என்றால் ஆன்டெனா 2.8 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. தாங்கும் கம்பு மரமோ பைபரோ ஆக இருக்கட்டும். சுற்றிலும் மண்ணுக்குள் செம்புக் கம்பிகளைக் கதிர்போல் புதைத்தால் மண்ணின் தடை குறையும். உண்மையான ஆதாயம் அங்கேதான் இருக்கிறது. இடிக்கான எர்த்தும் அதே ஒரு சாணில் முடிந்துவிடுகிறது.

பவர் கேபிளையும் ஆடியோ கேபிளையும் பெட்டிக்குள் நுழையும் இடத்திலேயே பெரைட் (காந்தத் தன்மையுள்ள பீங்கான்) வளையத்தில் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றுங்கள். கடையில் கிடைக்கும் கிளிப் மாதிரியான பெரைட்டை ஒரு முறை மாட்டிவிட்டால் மீடியம் வேவில் அது எதையும் தடுக்காது. தடுக்கும் திறன் சுற்றுகளின் எண்ணிக்கையின் இருமடியாக ஏறும். அப்புறம் ஒரு சின்ன ரேடியோவைக் கேபிளோடு ஒட்டி நடத்திப் பாருங்கள். பெட்டியிலிருந்து விலகிய பிறகும் கேபிள் நெடுக ஒலி பலமாக இருந்தால் கேபிள் இன்னும் ஆன்டெனாதான். வளையம் போட்டதும் எட்டும் தூரம் படுத்துவிட்டால் வருத்தப்படாதீர்கள். அந்தத் தூரம் உங்களுடையதே இல்லை.

540 வேண்டாம்

கதிர்வீச்சுத் தடை அலைவரிசையின் இருமடியாக ஏறும். 600க்கும் 1600க்கும் ஏழு மடங்கு. 540 போன்ற கீழ் எண்களை விட்டுவிட்டு, 1600 பக்கமே தேடுங்கள்.

சத்தம் போதவில்லை என்று ஏற்றிக்கொண்டே போவது

போன் ஒன்றை நேராகச் செருகிவிட்டு, பக்கத்து நிலையம்போல் முழங்கவில்லையே என்று வால்யூமைத் திருகுவார்கள். மாடுலேஷன் (குரலுக்கேற்ப அலையின் பலம் ஏறி இறங்குவது) கீழ்ப்பக்கம் 100 சதவீதத்தைத் தாண்டினால் கேரியர், அதாவது குரலைச் சுமக்கும் அலை, அறுந்து அறுந்து வரும். குரல் உடைவதோடு, பக்கத்து இடங்களிலும் சிதறும். உரிமம் பெற்ற நிலையங்களே மேல்பக்கம் 125 வரை போகலாமே தவிர, கீழ்ப்பக்கம் 100தான் எல்லை. அவர்கள் முழங்குவது வால்யூமால் அல்ல. கம்பிரசரும் லிமிட்டரும் வைத்து, குரலின் ஏற்ற இறக்கத்தைச் சுருக்கி, 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள ஒலியை வெட்டிவிட்டு அனுப்புகிறார்கள். கணினியில் இலவச மென்பொருளிலேயே இதைச் செய்யலாம். ஆசிலோஸ்கோப் கிடைத்தால் ஒரு தடவை அலையைக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

உறுமல்

கேரியர் மேல் ரேடியோவை நிறுத்தினால் உறுமல், நகர்த்தினால் இல்லை என்றால் ஆடியோவைக் குறை சொல்லாதீர்கள். உங்கள் அலை வீட்டு மின்கம்பிக்குள் புகுந்து, அடாப்டரின் டயோடில் 60 ஹெர்ட்ஸோடு கலந்து திரும்பி வருகிறது. மேலே சொன்ன பெரைட் வளையம் பெரும்பாலும் இதையும் அடக்கிவிடும். இல்லையென்றால் மலிவான ஸ்விட்சிங் அடாப்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு டிரான்ஸ்பார்மர் சப்ளைக்கு மாறுங்கள். ஆடியோ வழியில் ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் ஒன்றையும் சேருங்கள்.

பக்கத்தில் நின்று ட்யூன் செய்வது

3 மீட்டர் ஆன்டெனாவின் மின்தேக்கம் சுமார் 30 பிகோஃபாராட். அதில் ஒன்றே ஒன்று கூடினால் ஒத்ததிர்வு (ஆன்டெனா நன்றாக ஏற்கும் அலைவரிசை) 25 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் நகர்ந்துவிடும். உங்கள் உடம்பு அருகில் நிற்பதே அதற்குப் போதும். அதனால் திருகுங்கள், கையை எடுங்கள், நாலு மீட்டர் விலகி நின்று மீட்டரைப் பாருங்கள், மறுபடி வந்து கொஞ்சம் திருகுங்கள். அலுப்பான வேலைதான், வேறு வழி இல்லை. மழை பெய்து இலைதழை நனைந்திருந்தால் மறுபடி பார்க்க வேண்டும். ட்யூன் ஆனதும் கடைசிக் கட்டத்துக்குப் போகும் மின்னோட்டம் மாறும்; 12 வோல்ட்டில் 8.3 மில்லியாம்பியர் என்பதுதான் 100 மில்லிவாட் என்று நினைவில் வையுங்கள்.

பாட்டு

எஃப்.சி.சி. உரிமம் தேவையில்லை. பாட்டின் காப்புரிமை வேறு விஷயம்.

இதையே இந்தியாவில் வைப்பது

வைக்காதீர்கள். அங்கே மீடியம் வேவுக்கு இப்படி ஒரு விலக்கு இல்லை. சமுதாய வானொலிக்கான அனுமதிகூட எஃப்.எம்.முக்குத்தான்.

ஊர் ரேடியோ

கடைசியாக, நம் ஆட்களுக்கு மட்டும் வரும் ஒரு சிக்கல். அப்பா அம்மா இந்தியாவிலிருந்து கொண்டுவந்த டிஜிட்டல் ரேடியோவில் நிலையம் வரவில்லை என்பார்கள். அமெரிக்காவில் நிலையங்கள் 10 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் இருக்கின்றன, இந்தியாவில் 9. அந்த ரேடியோவில் 1611 உண்டு, 1610 கிடையாது. 1701 உண்டு, 1700 கிடையாது. சில ரேடியோக்களில் 9, 10 என்று மாற்றும் வசதி இருக்கும். இல்லையென்றால் இரண்டுக்கும் பொதுவான எண்ணாகப் பாருங்கள்: 1440, 1530, 1620. சென்னை ஏ அலைவரிசையின் 720கூட அப்படிப்பட்டதுதான், ஆனால் இங்கே அதில் சிகாகோவின் 50 கிலோவாட் நிலையம் இருக்கிறது. உங்கள் ஊரில் இரவில் 1620 காலியாக இருந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.