மஸ்டா றோட்ஸ்ரருக்கு ஷோர்ட் ஷிப்டர் பொருத்தும் முறை: தொடக்கநிலையாளருக்கான செய்முறை விளக்கம்

கியர் மாற்றும்போது கை நகரவேண்டிய தூரத்தைக் குறைப்பதற்காக, கம்பனி லீவரைக் கழற்றிவிட்டு அதனிடத்தில் பொருத்தப்படும் வேறு அளவிலான லீவரையே ஷோர்ட் ஷிப்டர் என்கிறார்கள். இந்த விளக்கம் 1989 இல் வெளிவந்த முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5 இன் ஐந்து கியர் வகைக்கு உரியது. யப்பானில் இது யூனோஸ் றோட்ஸ்ரர் என்ற பெயரில் விற்கப்பட்டது. இந்தக் காரில் கியர் பொக்ஸ் எஞ்சினுக்குப் பின்னால் நீளவாக்கில் இருப்பதால், லீவர் கேபிளோ கம்பியோ இடையில் இல்லாமல் நேராக அதன் மேலேயே இறங்குகிறது. முன்சில்லு இழுக்கும் ஹொண்டா சிவிக் போன்ற கார்களில் இதே வேலைக்குக் காரைத் தூக்கி அடியில் படுக்கவேண்டும். இங்கே ஆசனத்தில் இருந்தபடியே முழு வேலையையும் முடித்துவிடலாம் என்பதால், முதன்முதலாக ஸ்பனர் பிடிப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடைப்பது அரிது.

வாங்குவதற்கு முன் அறியவேண்டியது

கியர் லீவர் ஒரு நெம்புகோல். அதன் நடுவிலுள்ள உருண்டை அச்சாக நிற்க, மேற்பகுதியைக் கை தள்ளுகிறது, கீழ்நுனி கியர் பொக்ஸினுள் எதிர்த்திசையில் நகர்கிறது. எடுத்துக்காட்டாக, அச்சுக்கு மேலே 200 மில்லிமீற்றரும் கீழே 50 மில்லிமீற்றரும் உள்ள லீவரில், கீழ்நுனி 12 மில்லிமீற்றர் நகர்வதற்குக் கை 48 மில்லிமீற்றர் நகரவேண்டும். கீழ்ப்பகுதியை 75 மில்லிமீற்றராக நீட்டினால் கை 32 மில்லிமீற்றர் நகர்ந்தாலே போதும். தூரம் மூன்றில் ஒன்று குறைந்தது. ஆனால் கை கொடுக்கவேண்டிய விசை ஒன்றரை மடங்காகிவிட்டது. இந்தப் பரிமாற்றத்துக்கு விலக்கான ஷோர்ட் ஷிப்டர் எதுவும் கிடையாது. மேற்பகுதியை மட்டும் வெட்டிக் குட்டையாக்கி லேத்தில் மரை போட்டுத் தருகிறோம் என்பவர்களிடமும் இதே கணக்குத்தான் நடக்கிறது, ஆனால் அங்கே கைப்பிடியும் தாழ்ந்துவிடுவதால் கையை வைக்கும் இடமே மாறிப்போகும்.

யாழ்ப்பாணத்து வீதிகளில் இது சிறிய விடயமல்ல. கே.கே.எஸ். வீதியில் முச்சக்கரவண்டிக்கும் உழவு இயந்திரத்துக்கும் பின்னால் போகும்போது இரண்டாம் கியருக்கும் மூன்றாம் கியருக்கும் இடையிலேயே நாள் போய்விடும். பந்தயத் தடத்தைவிட இங்கேதான் கை கியரில் அதிகம் இருக்கிறது. ஆகவே 50 சதவீதம் குறைப்போம் என்று விளம்பரப்படுத்தப்படுவதை விட்டு, 30 சதவீதத்துக்கு அண்மையிலுள்ள ஒன்றைத் தெரிவுசெய்வதே நல்லது என்பது என் முடிவு.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லவேண்டும். லீவர் கஞ்சியில் விட்ட அகப்பையைப் போல எல்லாப் பக்கமும் ஆடுகிறது என்பதற்காகவே பலர் ஷோர்ட் ஷிப்டர் தேடுகிறார்கள். அந்த ஆட்டத்துக்குப் பெரும்பாலும் காரணம் லீவரின் நீளமல்ல, அதன் கீழ்நுனியில் தொப்பி போல இருக்கும் நைலோன் புஷ் தேய்ந்தோ உடைந்தோ போயிருப்பதுதான். புதிய புஷ், இரண்டு ரப்பர் உறைகள், புதிய ஒயில் ஆகிய மூன்றையும் மாற்றினாலே கார் புதிதாகிவிட்டது என்று சிலர் திருப்திப்பட்டு நின்றுவிடுவதுண்டு. எப்படியும் இவை இல்லாமல் வேலையைத் தொடங்கவேண்டாம். வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த கொழும்புப் பஞ்சிகாவத்தையில் தேடிப் பார்த்துக் கிடைக்காவிட்டால் ஷோர்ட் ஷிப்டருடன் சேர்த்தே வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது புத்திசாலித்தனம். கார் திறந்து கிடக்கையில் ஒரு ரப்பர் துண்டுக்காகக் காத்திருப்பது எரிச்சலான காரியம்.

தேவையானவை

10 மில்லிமீற்றர் சொக்கற், அதற்கு நீளமான எக்ஸ்டென்ஷன், நட்சத்திர ஸ்குறூ ட்றைவர், நீண்ட மூக்குக் குறடு, ரோச் லைற், கொஞ்சம் கிறீஸ், ஜிஎல்-4 தரத்து 75டபிள்யூ-90 கியர் ஒயில், பாமசியில் விற்கும் பெரிய சிறிஞ் ஒன்று, அதன் முனையில் செருக மெல்லிய குழாய், நூல் உதிராத பழைய சாரத்துணி. ஒயிலில் ஜிஎல்-5 மட்டும் எழுதப்பட்டிருந்தால் வாங்கவேண்டாம்; அதில் கூடுதலாகச் சேர்க்கப்படும் கந்தகச் சேர்மங்கள் கியர் மாறும்போது சுழலும் பாகங்களின் வேகத்தை ஒன்றாக்குவதற்காகக் கியர் பொக்ஸினுள் இருக்கும் பித்தளை சிங்ரோ வளையங்களுக்கு உகந்தவையல்ல.

கழற்றுதல்

காரைச் சமதரையில் நிறுத்திச் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். எஞ்சின் நன்றாக ஆறியிருக்கவேண்டும், ஏனெனில் நீங்கள் கையை உள்ளே விடப்போகும் இடத்துக்குக் கீழேதான் புகைக்குழாய் போகிறது. சித்திரை வெயிலில் ஓடிவந்த காரென்றால் இரவு முழுக்க விட்டுக் காலையில் தொடங்குவதே நல்லது. பற்றரியின் மறை முனையைக் கழற்றுங்கள். இந்தக் காரில் பற்றரி முன்னால் இல்லை, பின்னால் டிக்கியினுள் இருக்கிறது. கியரை நியூற்றலில் விடுங்கள்.

கைப்பிடியை இடப்பக்கமாகச் சுழற்றினால் கழன்றுவரும். அடுத்து, இரண்டு ஆசனங்களுக்கும் நடுவே லீவரைச் சுற்றியிருக்கும் பிளாஸ்ரிக் மூடியான கொன்சோல். அதைப் பிடித்திருக்கும் திருகாணிகளில் சில வெளியே தெரியும், சில சாம்பல் கிண்ணத்துக்கு அடியிலும் பின்பக்கப் பெட்டியினுள்ளும் ஒளிந்திருக்கும். ஒன்றைக்கூட விடாமல் கழற்றியபின் ஹான்ட் பிறேக்கை முழுதாக மேலே இழுத்துவைத்தால் கொன்சோலைச் சரித்து எடுக்க இடம் கிடைக்கும். கண்ணாடி ஏற்றும் சுவிட்ச், சிகரற் லைற்றர் ஆகியவற்றின் வயர்கள் அடியில் இருப்பதால் வெடுக்கென்று தூக்கவேண்டாம். முதலில் சற்று உயர்த்தி, கையை உள்ளே விட்டு அவற்றின் இணைப்புகளை விடுவியுங்கள். முப்பது ஆண்டு கடந்த பிளாஸ்ரிக் எங்கள் வெப்பத்தில் பிஸ்கற் போல உடையக்கூடியது.

இப்போது லீவரைச் சுற்றிப் பெரிய ரப்பர் உறை தெரியும். அதன் இரும்புத் தகட்டை நான்கு 10 மில்லிமீற்றர் போல்ட்டுகள் பிடித்திருக்கின்றன. அவற்றைத் தொடுவதற்கு முன் அந்தப் பகுதியைத் தூரிகையாலும் துணியாலும் சுத்தமாக்குங்கள். செம்மண் வீதிகளில் ஓடிய காரென்றால் உறையின் மடிப்புகளில் சிவந்த மா போலப் புழுதி படிந்திருக்கும். அதில் ஒரு சிட்டிகை கியர் பொக்ஸினுள் விழுந்தாலும் அது ஒயிலோடு கலந்து உலோகத்தைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். இந்த முழு வேலையிலும் நான் அதிக நேரம் செலவிடச் சொல்வது இந்தத் துப்புரவுக்குத்தான்.

பெரிய உறையை அகற்றினால் அதன் கீழே சிறிய உறையும், லீவரை அமுக்கிப் பிடிக்கும் தகடும், மூன்று போல்ட்டுகளும் தெரியும். பெரிய உறை கிழிந்திருந்தால் காருக்குள் வெக்கையும் இரைச்சலும் ஏன் வந்தன என்பது இங்கேயே விளங்கிவிடும். லீவர் எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது, வளையங்கள் எந்த ஒழுங்கில் இருக்கின்றன என்பவற்றைக் கைத்தொலைபேசியில் படமெடுத்துக்கொண்டு, மூன்று போல்ட்டுகளையும் கழற்றி லீவரை நேராக மேலே இழுங்கள். உடனே துளையைச் சாரத்துணியால் மூடிவிடுங்கள். அதனுள் ஒரு போல்ட் விழுந்தால் காந்தம் கட்டிய கம்பியோடு அரை நாள் போகும்.

பொருத்துதல்

பழைய லீவரின் நுனியைப் பாருங்கள். நைலோன் புஷ் அதில் முழுதாக இருக்கவேண்டும். இல்லையென்றால் அது உள்ளே தங்கிவிட்டது. ரோச் லைற்றை அடித்து, மூக்குக் குறடால் எல்லாத் துண்டுகளையும் பொறுக்கி எடுங்கள். துளையின் அடியில் தேங்கிநிற்கும் கறுத்த ஒயில் கியர் பொக்ஸின் பொது ஒயிலோடு சேராதது. இந்த லீவருக்கென்றே தனியாக விடப்படுவது. அதனால்தான் கியர் ஒயில் மாற்றும்போதெல்லாம் இது மறக்கப்பட்டுக் காருக்கு இருக்கும் வயதே இதற்கும் இருக்கிறது. சிறிஞ்சால் அதை உறிஞ்சியெடுத்து, உட்புறத்தைத் துடைத்து, ஏறத்தாழ 90 மில்லிலீற்றர் புதிய ஒயிலை விடுங்கள்.

புதிய புஷ்ஷை ஷோர்ட் ஷிப்டரின் நுனியில் கிறீஸ் தொட்டுச் செருகுங்கள். கிறீஸ் அதை விழாமல் பிடித்துக்கொள்ளும். உருண்டையிலும் மெல்லியதாகப் பூசுங்கள். பழைய லீவரிலிருந்து எந்த வளையங்களைப் புதியதற்கு மாற்றவேண்டும் என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறுபடும் என்பதால், பெட்டியோடு வந்த தாளை எடுத்த படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதன்பின் லீவரை நேராக இறக்கி, சிறிய உறையையும் தகட்டையும் வைத்து, மூன்று போல்ட்டுகளையும் முதலில் விரலாலேயே முறுக்குங்கள். பிறகு மாறிமாறிச் சிறிது சிறிதாக இறுக்கி 8 முதல் 10 நியூற்றன் மீற்றருக்குள் நிறுத்துங்கள். அவை இறங்குவது அலுமினியத்தில். நீளமான கைப்பிடியோடு பலத்தைக் காட்டினால் மரை போய்விடும்.

கொன்சோலை மூடுவதற்கு முன் எஞ்சினை இயக்காமல் கிளச்சை மிதித்து, எல்லாக் கியர்களுக்கும் றிவேர்ஸுக்கும் போய்வாருங்கள். ஏதாவது ஒரு கியர் முழுதாக விழாமல் பாதியில் நின்றால், புஷ் கோணலாக இருக்கிறது அல்லது லீவர் முன்பின் மாறிவிட்டது. மறுபடி கழற்றுங்கள், அடித்துத் தள்ளவேண்டாம். எல்லாம் சரியென்றால் பெரிய உறையையும் கொன்சோலையும் கழற்றிய ஒழுங்குக்கு எதிராகப் பூட்டி, கைப்பிடி ஒன்றாம், மூன்றாம் கியர்களில் றேடியோப் பக்கம் முட்டுகிறதா என்று பாருங்கள். புதிய கைப்பிடி வாங்குபவர்கள் இந்தக் காரின் மரை 10 மில்லிமீற்றர், புரியிடை 1.25 என்பதைக் குறித்துக்கொள்ளலாம். சற்றுப் பாரமான கைப்பிடி, கூடிய விசையை ஓரளவு மறைக்கும்.

முதல் ஓட்டம்

விடிகாலையில் பண்ணைப் பாலத்துப் பக்கம் போய்வருவது போதும். முன்பின் தூரத்தோடு பக்கவாட்டுத் தூரமும் குறைந்திருப்பதால், பழைய பழக்கத்தில் மூன்றிலிருந்து நான்குக்கு இழுக்கும் கை இரண்டில் போய் விழக்கூடும். வேகத்தில் அப்படி விழுந்து கிளச்சை விட்டால் எஞ்சின் தாங்கக்கூடிய சுற்றைத் தாண்டிவிடும். கை புதிய இடங்களைப் பழகும் வரை எஞ்சினை மிகையாக முறுக்கவேண்டாம், கியரை நியூற்றலில் ஒரு கணம் நிறுத்தி மாற்றுங்கள். சில நூறு கிலோமீற்றர் ஓடியபின் உறையை உயர்த்தி மூன்று போல்ட்டுகளின் இறுக்கத்தையும், தகட்டின் ஓரத்தில் ஒயில் கசிகிறதா என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.