தேயிலை நிற்கும் மண்ணில் கார்டினியாவும் நிற்கும்

மணக்கும் வெள்ளைப் பூவுக்காக வளர்க்கும் கார்டினியாவை வம்பு பிடித்த செடி என்பார்கள். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் மண்ணில் வைத்தால் வம்புதான், நம்ம மலையகத்தில் அவ்வளவு பயப்படத் தேவையில்லை. தேயிலைக்கு மண்ணின் பி.எச். (புளிப்பைக் காட்டும் அளவு, எண் குறைந்தால் புளிப்பு கூடும்) 4.5 முதல் 5.5 வரை வேண்டும், இதற்கு 5 முதல் 6 வரை, ஆக பாதி வேலையை மண்ணே பார்த்துக்கொள்ளும். போதாக்குறைக்கு இது கோப்பிக் குடும்பத்துச் செடி, ஹக்கலையில் 1861இல் தோட்டம் போட்டு வளர்த்துப் பார்த்த கொய்னா மருந்து மரமான சிங்கோனாவும் அதே குடும்பம். தென்சீனப் பக்கத்திலிருந்து வந்த செடி என்றாலும் சொந்தக்காரர்கள் இங்கே முன்பே குடியேறிவிட்டார்கள்.

செய்யக்கூடாததை முதலில் சொல்லிவிடுகிறேன். கவ்வாத்து (கிளை வெட்டுதல்) முடிந்த தேயிலை மலைக்குப் போடும் டொலமைட் தூள், அடுப்புச் சாம்பல், சுண்ணாம்பு, இந்த மூன்றும் செடிக்குப் பக்கத்திலேயே வரக்கூடாது. மண்ணில் புளிப்பு குறைந்தால் செடியால் இரும்புச்சத்தை எடுக்க முடியாது, இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அதைப் பார்த்ததும் பசளை போதவில்லை என்று யூரியாவை அள்ளிப் போடுபவர்கள்தான் அதிகம். வேண்டாம், இரும்புச்சத்துக் கரைசலை இலையில் தெளியுங்கள், சிமெந்துச் சுவரோரம் நட்டிருந்தால் இடத்தை மாற்றுங்கள்.

குழியில் மேல்மண்ணோடு நன்றாக மக்கிய கூட்டுப்பசளையைக் கலந்து நடுங்கள், தண்ணீர் தேங்கும் பள்ளம் ஆகாது. காலை வெயில், மத்தியான நிழல். பக்கத்தில் பைனஸ் காடு இருந்தால் அதன் சருகை அடியில் பரப்பலாம், ஈரம் நிற்கும்.

எல்லோரையும் அழவைப்பது மொட்டு உதிர்வுதான். மண் ஒரு நாள் காய்ந்து மறுநாள் சொதசொதவென்று இருந்தால் உதிரும், மொட்டு வந்த நேரத்தில் சட்டியை இடம் மாற்றினாலும் உதிரும், இரவுக் குளிர் 15 முதல் 18 பாகை செல்சியஸ் வரை இருந்தால் மொட்டு நன்றாகப் பிடிக்கும். ஹட்டன் பக்கத்தில் ஜனவரி முதல் மார்ச் வரை வறட்சிக் காலம், பண்டாரவளை பதுளைக்காரர்களுக்கு வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்கள், அப்போது தண்ணீரை மறக்கக்கூடாது. நுவரெலியாவில் துகள் பனி விழும் இரவுகளில் சட்டியை உள்ளே எடுத்துவிடுங்கள், மொட்டு போனாலும் செடி பிழைக்கும்.

மாவுப்பூச்சி வந்தால் சவர்க்காரத் தண்ணீர் போதும்.

பூவைப் பறிக்கும்போது காம்பைத்தான் பிடிக்க வேண்டும், இதழில் விரல் பட்டால் பழுப்பாகிவிடும், அதனால் மல்லிகை மாதிரி சரம் தொடுக்க வராது, சாமி படத்துக்கு ஒற்றைப் பூவாக வைக்கலாம். ஐரோப்பாவில் பூக்களுக்குப் பொருள் சொல்லும் வழக்கத்தில் இதற்குத் தூய்மை என்றும் சொல்லாமல் வைத்திருக்கும் காதல் என்றும் பொருள். தஹிட்டித் தீவில் இதன் இனமான தியாரே பூவை இடது காதில் செருகினால் ஆள் ஏற்கெனவே ஒருவருக்குச் சொந்தம், வலது காதென்றால் இன்னும் இல்லை. நம்ம ஊரில் அந்த வழக்கம் வந்தால் என்னென்ன பேச்சு கிளம்பும்! சீனாவில் பூவை விட காயைத்தான் மதித்திருக்கிறார்கள் போல, துணிக்கு மஞ்சள் சாயம் அதிலிருந்துதான் எடுத்தார்கள்.

பூத்து முடிந்த கையோடு லேசாகக் கவ்வாத்து செய்யுங்கள், தள்ளிப்போட்டால் அடுத்த மொட்டையும் சேர்த்தே வெட்டிவிடுவீர்கள். வெட்டியதில் அரை முற்றலான கொம்பை விரல் நீளத்துக்கு எடுத்து, கீழ் இலைகளைக் கழற்றி, ஈர மணலில் குத்தி மேலே பொலித்தீன் பையைக் கவிழ்த்துவிட்டால் ஒன்றரை இரண்டு மாதத்தில் வேர் விடும். சிலது அழுகும், அதனால் நாலைந்தைச் சேர்த்தே வையுங்கள்.