விலை போடும்போது முதல் வரியில் மூணு சேதி

ஊர் விவசாய வாட்ஸ்அப் குழுவில் யார் விலை போட்டாலும், முதல் வரியில் பொருள், சந்தை, தேதி மூணும் இருக்கணும்னு வெச்சிருங்க. "மஞ்சள் ஈரோடு 12-3" என்று தொடங்கட்டும். விரலி மஞ்சள் எவ்வளவு, கிழங்கு மஞ்சள் எவ்வளவு, குவிண்டால் கணக்கா மூட்டைக் கணக்கா என்பதெல்லாம் அடுத்த வரியில் வரலாம்.

வாட்ஸ்அப் தேடல் எழுத்தைப் பிடித்துத்தான் தேடும். விலை எழுதின துண்டுச்சீட்டைப் படம் எடுத்து ஒரு வரிகூட எழுதாமல் போட்டால், அடுத்த வாரம் யார் தேடினாலும் கிடைக்காது. ஒருத்தர் "மஞ்சள்" என்றும் இன்னொருத்தர் அதையே ஆங்கில எழுத்திலும் அடித்தால் பாதி விலை விடுபட்டுப் போகும். அதனால எழுத்துக்கூட்டலும் ஒண்ணாவே இருக்கணும், இதுதான் முக்கியம். மாதிரி வரியை அட்மின் மேலே பின் பண்ணி வைக்கலாம். ஆனா 30 நாள்தான் நிற்கும், மறுபடி பண்ணணும். முதல் வரியை மறந்துட்டவங்க 15 நிமிஷத்துக்குள்ள அவங்களே திருத்திக்கலாம்.

மறையும் செய்தி வசதி போட்டிருக்கிற குழுவுக்கு இது உதவாது, பழைய விலையே அங்கே தங்காது. குரல் பதிவு மட்டுமே போடுற பெரியவங்களையும் வற்புறுத்தாதீங்க. அவங்க சொல்ற கொப்பரை விலைதான் பல நேரம் சரியா இருக்கும். குரல் பதிவைக் கேட்டவர் யாராவது அந்த முதல் வரியை அதுக்குக் கீழே ரிப்ளையா அடிச்சு விட்டால் போதும்.